மலை தேறியது, கல் தோற்றது

நிரல் எழுதுகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த நிரலைச் சோதித்துப் பார்க்க இடம் அமைத்துக் கொடுப்பவர்களைப் பார்க்கத்தான் விழுப்புரம் போனேன். 2023 ஜனவரியில், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் கூடிய மினி டெப்கான்ஃப் மாநாடு நடந்த ஊர் அது. ஞாயிறு காலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியறை, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கும் சார்ஜர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் ‘அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வாரநாட்களில் அவருக்குச் சென்னையில் வேலை. விடுமுறை நாள் இந்த அறைக்கு.

அவர்கள் பராமரிப்பது தமிழ் எழுத்துகளைப் பிரித்து எண்ணும் ஒரு பைதான் தொகுப்பு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள், கோப்பில் பதினைந்து பைட்டுகள். இந்த மூன்று கணக்கும் எந்தக் கணினியிலும் பிசகக் கூடாது.

"என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுதுக்கா" என்றான் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன்.

"உன் மெஷினுக்கு உன்னைத் தெரியும்டா. தெரியாத மெஷின்ல ஓட்டு."

தெரியாத மெஷினை அங்கேயே உண்டாக்கினார்கள். டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவி, வன்தட்டில் ஒரு மூலையில் அடிப்படைக் கோப்புகள் மட்டுமே உள்ள டெபியனை இறக்கி வைக்கிறது. எஸ்பில்ட் என்ற இன்னொரு கருவி அதற்குள் நுழைந்து, இன்னின்ன தொகுப்புகள் தேவை என்று நாம் எழுதிக் கொடுத்ததை மட்டும் நிறுவி பில்ட் செய்கிறது; முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. திரையில் வரிகள் ஓடி, சட்டென்று நின்றன. சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் தொகுப்பு அங்கே இல்லை. அதை அந்த மாணவன் எப்போதோ தன் கணினியில் நிறுவி மறந்திருக்கிறான். நம் வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே என்று யோசிக்காமலே கை போகிற மாதிரிதான். தேவைகளை எழுதும் கண்ட்ரோல் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். இரண்டாம் முறை முழுதாக ஓடியது. முன்பின் அறியாத ஒருவர் தொகுப்பை இறக்கி, முதல் நிமிடத்திலேயே பிழையைப் பார்த்துப் போய்விடாமல் இருக்க அந்த ஒரு வரி வேண்டும்.

டெபியனில் இந்தப் பரிசோதனைகள் நீண்ட வரிசை. நிறுவிய பிறகு தொகுப்பு வேலை செய்கிறதா என்று ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் பார்க்கும். நீக்கும்போது குப்பை விட்டுச் செல்கிறதா என்று பியூபார்ட்ஸ் பார்க்கும். இவற்றில் தோற்றால் ‘அன்ஸ்டேபிள்’ கிளையிலிருந்து ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போவது தடைபடலாம். ரீபுரொடியூசிபிள் பில்ட்ஸ் குழுவினரின் சோதனை இன்னும் கறார்: ஒரே தொகுப்பை இரண்டு முறை பில்ட் செய்வார்கள், இரண்டாம் முறை நேர மண்டலத்தையும் கணினியின் பெயரையும் மாற்றி, கடிகாரத்தை ஓராண்டுக்கும் மேல் முன்னே தள்ளிவிடுவார்கள். இரண்டு முறையும் பைட் பிசகாமல் ஒரே கோப்பு வர வேண்டும்.

அன்று பெரும்பொழுதைத் தின்றது விண்டோஸ். கிட்ஹப்பில் பொதுத் திட்டங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் புத்தம்புது விண்டோஸ் இயந்திரத்தில், சொற்பட்டியல் கோப்பைத் திறந்து பார்க்கும் சோதனை சிவப்பாகவே நின்றது. லினக்ஸில் பச்சை. அக்கா பெரிய பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரே சொல் கொண்ட இரண்டு கோப்புகளை வைத்தார். ஒன்றில் ‘மலை’, இன்னொன்றில் ‘கல்’. மலை தேறியது, கல் தோற்றது.

லாகில் 8டி என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்றிருந்தது. காகிதத்தில் எழுதிக் காட்டினார். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ‘ல்’லின் புள்ளிக்கு மூன்று பைட்டுகள், மூன்றாவது 8டி. குறியீட்டு முறையைக் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால், விண்டோஸில் பைதான் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய 1252 அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அதில் 8டிக்கு எந்த எழுத்தும் கிடையாது. உகரக் குறியும், ஏ, ஐ என்ற தனி உயிரெழுத்துகளும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன.

"கல் விழுந்தது நல்லதுங்க. எனக்குப் பயம் மலைமேலதான்" என்றார் என்னிடம். மலை சரியாக வாசிக்கப்படவே இல்லை. ஒன்பது லத்தீன் குறிகளாகச் சிதைந்திருந்தது. கோப்பு திறக்கிறதா என்று மட்டும் கேட்ட சோதனை அதைத் தேறவைத்துவிட்டது. எனக்கு அந்த நாளில் மிகப் பெரியதாகப் பட்டது இதுதான். விழுகிற நிரலைப் பத்துப் பேர் வந்து சொல்வார்கள். சிதைந்த தமிழைச் சத்தமில்லாமல் சேமிக்கிற நிரலை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் தட்டச்சு செய்த ஊர்ப் பாடல்களோ கல்வெட்டுப் பாடங்களோ அதற்குள் போய்விட்டிருக்கும்.

குறியீட்டு முறையைச் சொல்லும் ஒரு சொல்லைச் சேர்த்ததில் நிரல் சரியாகிவிட்டது. சோதனையைத் திருத்துவதற்குத்தான் நேரம் பிடித்தது. "சத்தமில்லாம தேறிடற சொல்லா சொல்லுங்க" என்று கேட்டார் அக்கா. நிலா, மழை, யானை என்று குரல்கள் வந்தன. யாரோ ‘காடு’ என்றதும், "அதுல உகரம் இருக்குடா" என்று மூன்று பேர் சேர்ந்து மறித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை எழுத்து என்ற விடையும் கூடவே எழுதப்பட்டது.

பைதான் 3.15 முதல் யுடிஎஃப்-8 இயல்பாகவே வரும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் பள்ளிகளிலும் இ-சேவை மையங்களிலும் பழைய பதிப்புகள் இன்னும் வெகுகாலம் ஓடும். அதனால் அந்தச் சோதனைகளை நீக்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப் பைதான் வரும்போது சோதிக்க வேண்டிய பதிப்புகளின் பட்டியலைத் திருத்தும் பொறுப்பை இரண்டாமாண்டு மாணவன் எடுத்துக்கொண்டான். பைட் வரிசை தலைகீழான செயலிகளில் ஓட்டிப் பார்க்க, கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு இலவசக் கணக்கு தரும் ஜிசிசி கம்பைல் ஃபார்முக்கு அக்கா அன்று மாலையே விண்ணப்பித்தார்.