காவலூர் முதல் பச்சைமலை வரை

தஞ்சையிலிருந்து வடக்கே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் திருமானூர். அதனருகே உள்ளது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இதனைத் திருக்காவலூர் என்று பாடினார். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், தமிழ் கற்றதோடு தமிழர் மருத்துவத்தையும் கற்றார் என்பர். இராசபிளவையால் வருந்திய அரியலூர் மழவராயருக்கு நாட்டு மருந்திட்டு, அடைக்கல அன்னையை வேண்டிக் குணமாக்கினார் என்று இப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். கடல் கடந்து வந்த அறிவாளர் ஊர் வைத்தியத்தை இகழாமல் அதனிடம் பாடம் கேட்டார் என்பதே அக்கதையில் நம் உள்ளத்தைத் தொடுவது.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் நிலத்தைத் தாண்டிப் பெரம்பலூரை அடைந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் மக்காச்சோளமும். மேற்கே பச்சைமலை. அங்கு மலையாளி எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மூலிகைகளை அவர்கள் நன்கறிவர். கீழே ஊர்களிலோ, பாம்பு வராதென்று வீட்டோரம் சிறியாநங்கை வளர்ப்போர் உண்டு. வயலில் இறங்கும் உழவருக்குப் பாம்பச்சம் இயல்பே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்வாசிகள்.

1978இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு, அடிப்படை நலப்பணியில் மரபு வைத்தியருக்கும் இடமுண்டு என்று அறிவித்தது. அதே ஆண்டில் நம் மாநிலத்தில், செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத் தோல் வாணிபம் நின்று, பிழைப்பிழந்த மக்கள் அவர்கள். தடம் பார்த்தே பாம்பினை அறியும் முன்னோர் கலை அவர்களுக்குக் கைகொடுத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து நஞ்சுமுறிவு மருந்து செய்யப்படுகிறது. 2023இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களுள் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாக்க விழைகிறது. அந்நோக்கம் நிறைவேறப் படிக்காத இருளரின் கூர்ந்த கண்ணும் வேண்டும், ஆய்வுக்கூடத்தின் கருவியும் வேண்டும்.

எனவே, குடும்பத்தாரே, ஒன்றை மனத்தில் இருத்துங்கள். பழங்குடி அறிவைப் போற்றுவது வேறு. கடிபட்டவரை மந்திரிக்க அழைத்துச் சென்று நேரத்தை இழப்பது வேறு. ஏறிய நஞ்சை எந்தப் பச்சிலையும் முறிப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. கடிவாயைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, தேற்றி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே ஏற்றப்படும் மருந்தில் இருளர் மக்களின் உழைப்பும் கலந்திருக்கக் கூடும். அவர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை.