அந்தக் காட்டில் எவரும் சாகவில்லையா?



பல ஆண்டுகளாகத் துக்க வீடுகளில் நான் ஓர் உவமையைச் சொல்லிவந்தேன். உங்களில் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள். வட அமெரிக்காவில் ஜாக் பைன் என்றொரு மரம் உண்டு. விதைகளைத் தாங்கும் அதன் கூம்புகள் பிசினால் இறுக ஒட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் திறவாமல் கிளையிலேயே இருக்கும். காட்டுத்தீயின் வெப்பம் பட்டதும் பிசின் உருகும், கூம்பு திறக்கும், விதைகள் உதிரும். "ஆகையால் நம்மைச் சுடும் தீயிலும் ஒரு நோக்கம் இருக்கிறது" என்று முடிப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சாலை விபத்தில் மகனை இழந்த ஒரு தாயிடமும் இதையே சொன்னேன். அடக்க ஆராதனை முடிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தக் காட்டில் மனுஷர் எவரும் சாகவில்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றிரவே அந்தக் காட்டைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பழங்காலப் பனியாறுகள் உருகி ஓடியபோது விட்டுச்சென்ற மணற்பரப்புகள் உண்டு. பெய்யும் மழை அந்த மணலில் நிற்பதில்லை, விரைவில் உள்ளிறங்கிவிடும். சத்தும் குறைவு. வேறு பல மரங்கள் தழைக்க இயலாத அந்த நிலத்தில் ஜாக் பைன் வளர்கிறது. காய்ந்த ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றும். தீக்குப்பின் இளங்கன்றுகள் நெருக்கமாக முளைக்கும்.

அந்த இளங்காட்டை நம்பி வாழ்கிறது கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்னும் சிறு குருவி. பஹாமாஸ் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் இங்கு வந்து தரையிலே கூடு கட்டும். ஏறத்தாழ 5 முதல் 20 வயதுள்ள மரங்களே அதற்கு ஏற்றவை. தாழ்ந்த பச்சைக் கிளைகள் கூட்டை மறைக்கும். நீர் தேங்காத மணல் கூட்டை நனையாமல் காக்கும். மரம் முதிர்ந்து அடிக்கிளைகள் உலர்ந்துவிட்டால் குருவி அவ்விடத்தை விட்டுவிடும்.

மனிதர் நல்லெண்ணத்தோடு காட்டுத்தீயைத் தடுத்தார்கள். தீ குறைந்தது, இளங்காடும் குறைந்தது. மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் என்னும் பறவையும் பெருகியது. 1974இல் எடுத்த கணக்கில், பாடும் ஆண் குருவிகள் 167 மட்டுமே.

எனவே குருவிக்காகத் திட்டமிட்டே தீ மூட்டினார்கள். 1980 மே 5ஆம் நாள், மையோ என்னும் ஊருக்கு அருகே மூட்டிய அத்தகைய தீ கட்டுப்பாட்டை மீறியது. சுமார் 24,000 ஏக்கர் எரிந்தது. பல வீடுகள் சாம்பலாயின. தீயணைக்கச் சென்ற வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் அதே நிலத்தில் ஜாக் பைன் முளைத்தது. சுமார் பத்து ஆண்டுகளில் குருவிகள் அங்கே திரளாகக் கூடு கட்டின.

பிரியமானவர்களே, இவ்விரண்டும் உண்மை. குருவி பெருகியது, ஒரு மனிதர் திரும்பி வரவில்லை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தவன் நான். யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொண்டேன். ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனை வருத்தினார்கள்.

நான் வாசித்ததில் இன்னொன்றும் இருந்தது. இன்று அந்தக் குருவிக்கான இளங்காட்டின் பெரும்பகுதி தீயால் உண்டாவதில்லை. முதிர்ந்த மரங்களை வெட்டியகற்றி, பறவைக்கு வேண்டிய வெற்றிடங்களையும் விட்டு, கன்றுகளை வரிசையாக நடுகிறார்கள். கௌபேர்ட் பறவைகளையும் ஆண்டுதோறும் பிடித்து அகற்றிவந்தார்கள். அரை நூற்றாண்டு உழைப்பின் பயனாக, 2019இல் அக்குருவி அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காட்டைத் திரும்ப எழுப்பியதில் தீக்குப் பங்குண்டு. குனிந்து நட்ட கைகளுக்கும் பங்குண்டு.

நான் மறுபடியும் அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். "ஒருவர் இறந்தார், அம்மா. அதை நான் சொல்லாமல் விட்டது தவறு" என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி ஐயா, இப்போது ஜெபம் பண்ணுங்கள்" என்றார்.

அந்த மாதங்களில் நம் திருச்சபையார் செய்ததை நான் மறக்கவில்லை. சகோதரிகள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு சகோதரர் இறப்புச் சான்றிதழுக்காக அவரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். வேறொருவர் இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். அவர்களில் எவரும் அந்த மரணத்துக்குக் காரணம் சொல்லவில்லை. கன்று நட்டார்கள்.

இந்த வாரம் நீங்கள் ஒரு துக்க வீட்டின் வாசலை மிதிக்க நேரிட்டால், அந்தத் தீக்கு விளக்கம் தேடாதிருங்கள். அங்கே என்ன நட முடியும் என்று பாருங்கள். தேற்றரவின் தேவன் நம் நாவுக்கு அடக்கத்தையும் நம் கைகளுக்குப் பலத்தையும் தந்தருள்வாராக. ஆமென்.