தரங்கம்பாடிக்கு ஒரு காலை

ஓரூருக்குச் சென்று திரும்புதல் வேறு. அவ்வூரைக் காணுதல் வேறு. தரங்கம்பாடியைக் காண விழையும் தமிழ் மாணவன் முதலிற் காலத்தைத் தெரிதல் வேண்டும். மழை ஓய்ந்து, வெயில் முதிராத தை, மாசித் திங்கள்களே தக்கவை. அவற்றுள்ளும் பொங்கல் விடுமுறையும் வார இறுதியும் தவிர்க்கற்பாலன. முதனாளிரவை மயிலாடுதுறையிற் கழித்து, விடியற்காலைப் பேருந்தில் ஏறின், வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றரே.

வருவோர் பலரும் 1620 இல் டேனியர் எழுப்பிய கோட்டையையே முதலில் நாடுவர். அவன் கடலோர மாசிலாமணிநாதர் கோயிலுக்குச் செல்லட்டும். பாண்டியர் காலத்துப் பழங்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பின்னர், 1718 இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தை அடைக. 1706 இல் இவ்வூரில் வந்திறங்கிய சீகன்பால்கு 1719 இல் மறைந்து, அங்கேயே அடக்கமானார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் இவ்வூரிலேயே முழுமையாக அச்சேறிற்று. அச்சுநூலிற் கல்வி கற்போன் அங்குச் சிறிது நேரம் வாளா நிற்றல் தகும்.

கோட்டையை இறுதியிற் காணலாம். 2004 இல் ஆழிப்பேரலை உயிர்களைப் பறித்த கரை அது. எஞ்சியவை எத்துணைக் காலம் நிற்குமென யாரறிவார்? அலை பாடும் ஊரெனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், கூட்டத்தின் நடுவே நிற்போனுக்கு அப்பாட்டுக் கேளாது.