கோடியக்கரையில் பூநாரைகள்

வேதாரண்யேசுவரரைத் தரிசித்துத் தெற்கே சென்றால் கோடியக்கரை. 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். மார்கழியில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். முறுக்குக் கொம்புடைய கருநிற ஆண் வெளிமானைப் பேரன் வண்டியிலிருந்தபடியே படமெடுத்தான். பூநாரைகளோ தொலைவில், சேற்றுநீரில் அலகைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நெருங்கிச் செல்லத் துடித்தான். நெடுந்தூரம் பறந்து வந்தவை. இரையெடுக்கும் வேளையில் கலைப்பது பாவம் என்று தடுத்தேன். முகம் வாடினான். படத்தில் அவை வெறும் இளஞ்சிவப்புக் கோடுதான்.

கோடிக்குழகர் கோயிலில், ‘இக்கடற்கரையில் துணையின்றி இருக்கிறீரே’ என்று சுந்தரர் இறைவனிடம் வருந்தியதைச் சொன்னேன். முழங்கால் வலியால் அங்கேயே அமர்ந்திருந்த என் மனைவியிடம் பேரன் கேமராவை நீட்டினான்: “பாட்டி, சாமிக்கு இத்தனை பேர் துணை!”

கண்ணாடியை அணிந்துகொண்டு அவள் எண்ணத் தொடங்கினாள்.