பன்னிரண்டு சென்டிமீட்டர்

மேஜைமேல் நிற்கிறது மஞ்சள் லேப்ரடார், டைகர். ஒரு வயது இருக்கும். பூனைக்கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதன் விலாப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. ரோஜாச் செடி கீறியதாம். முள் கீறினால் கோடுதானே விழும்? இங்கே தோல் உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்து கிடக்கிறது. அவ்வளவு கிழிசலுக்கு ரத்தம் என்னவோ கொஞ்சம்தான். சுற்றிலும் பழைய தழும்புகள், முடி முளைக்காமல், வெங்காயச் சருகு மாதிரி மினுங்குகின்றன.

டாக்டர் முதல் தையலைப் போட்டு முடிச்சை இறுக்குகிறார். நூல் தோலை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிடுகிறது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஸ்கேலையும் டேப்பையும் எடுக்கிறார்.

இடுப்புக்கு மேலே தோலை மெதுவாகத் தூக்குகிறார். வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. டைகர் திரும்பி அவர் முழங்கையை நக்குகிறது.

“பன்னெண்டு சென்டிமீட்டர்.” பின்தலையிலிருந்து வால் அடிவரை டேப்பைப் பிடிக்கிறார். “அறுபது. அப்ப இருபது சதவீதம். பதினாலரையைத் தாண்டினாலே சந்தேகம்தான்.”

எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோய் என்கிறார். டென்மார்க்காரர் ஒருவர் 1901இலும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1908இலும் மனிதத் தோலில் கண்டு எழுதியது. நாய்க்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

“கொலாஜன்னு ஒரு புரதம்யா. தோலுக்குப் பலமே அதுதான். இவனுக்குப் பிறவியிலேயே அது சரியா அமையலை.”

டைகரைக் கூட்டி வந்த பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். “நாங்க கை நீட்டினதே இல்லைங்க டாக்டர். அடிச்சே கொல்றோம்னு தெருவுல பேசறாங்க.”

டாக்டர் தலையசைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுக்கிறார். இந்த முறை ஓரத்திலிருந்து தள்ளிக் குத்துகிறார். தையல் நிற்கிறது.

“கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுக்காதீங்க. மேஜை முனை, கட்டில் முனை எல்லாத்திலயும் பஞ்சு வச்சுக் கட்டுங்க. மத்த நாயோட கட்டிப் புரள விடாதீங்க.”

“சரிங்க.” பெரியவர் தயங்குகிறார். “அடுத்த மாசம் கிராஸ் விடக் கேட்டிருக்காங்க. ஒரு குட்டி தர்றேன்னாங்க.”

“விடவே கூடாது. இவன்கிட்ட கோளாறான மரபணு ஒண்ணு இருந்தாலே போதும், குட்டிகள்ல பாதிக்கு வரலாம்.”

“அப்ப கருத்தடை பண்ணிடலாங்களா?”

டாக்டர் விலாவைக் காட்டுகிறார். “முதல்ல இந்தத் தையல் தாங்குதான்னு பார்ப்போம்.”

குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. சிலர் வைட்டமின் சி கொடுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். லேப்ரடாரில் மட்டுமல்ல, ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், பாக்சர், பீகிள், கலப்பு நாய் என்று பலவற்றிலும் கண்டிருக்கிறார்கள். குட்டி வாங்கப் போகிறவர்கள் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்காமல், தாய்நாயின் முதுகையும் முடிந்தால் தகப்பன்நாயின் முதுகையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். முடியில்லாத மெல்லிய தழும்புகள் தட்டுப்பட்டால், எப்படி வந்தன என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.