காலுக்கு அவசரம், கைக்கு நிதானம்

கல்யாண வீடுகளில் யாராவது என்னை "ஏரோப்ளேன் ஓட்டினவர்" என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். அடுத்து வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "ரெண்டு என்ஜின் இருக்கிற ப்ளேன்ல ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கே, அப்புறம் என்ன சார் பயம்?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பாயசத்துக்குக் கை நீட்டிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் சாதம் ஆறிவிடும். இப்போது முன்னால் இலை இல்லை. எழுபதைத் தாண்டிவிட்டதால் எங்கேயும் ஓட வேண்டிய வேலையும் இல்லை. சொல்கிறேன்.

பெரிய ஜெட் விமானத்தைப் பொறுத்தவரை கேட்கிறவர் சொல்வது சரி. ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஒரு என்ஜின் நின்றால், மற்றதை வைத்து அது ஏறியாக வேண்டும். ஏறாத விமானத்துக்குச் சான்றிதழே கிடைக்காது. ஆனால் விமானி வேலைக்குப் போகிறவன் இரட்டை என்ஜினில் பழகுவது நான்கு பேர், ஆறு பேர் உட்காருகிற பிஸ்டன் விமானத்தில். 6,000 பவுண்டுக்கு மேற்படாத, மெதுவாக இறங்கக்கூடிய இந்தச் சின்ன விமானங்கள் ஒற்றை என்ஜினில் ஏறித்தான் தீர வேண்டும் என்று அமெரிக்க விதி நெடுங்காலம் கேட்கவே இல்லை. எவ்வளவு ஏறும், அல்லது எவ்வளவு இறங்கும் என்று அளந்து எழுதிவைத்தால் போதும்.

நான் பழகியது பைப்பர் செமினோல். பக்கத்துக்கு 180 குதிரைத்திறன். இரண்டும் ஓடினால் கடல் மட்டத்தில் நிமிஷத்துக்கு 1,200 அடிக்கு மேல் ஏறும். ஒன்று நின்றால் 600 என்றுதான் நான் கணக்குப் போட்டேன். மிஞ்சுவது சுமார் 200. அதுவும் என்ஜின் புதிதாக, காற்று குளிர்ச்சியாக, ஓட்டுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால். சக்தியில் பாதி போனால் ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடுகிறது. விமானம் தன் உயரத்திலேயே நிற்பதற்கே ஒரு என்ஜினின் சக்தி ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிடும், ஏறுவது மிச்சத்தில்தான். இரண்டாவது என்ஜின் எதற்கு என்றால், விபத்து நடக்கிற இடம்வரை கொண்டுபோய்விட என்று பழைய விமானிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஃபுளோரிடாவின் மதிய வெயிலில் உயரமானியின் முள் நகராமல் நின்றதைப் பார்த்த பிறகு அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே போனேன். இங்கே புஷ்பக்கிலும் செஸ்னாவிலும் பறந்து எடுத்த ஒற்றை என்ஜின் உரிமம் கையில் இருந்தது. அதைக் காட்டி ஓர் அமெரிக்க உரிமமும் வாங்கியாகிவிட்டது. அதற்கு மேல் இரட்டை என்ஜின் தகுதியைச் சேர்த்துக்கொள்ளத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது, இத்தனை மணி நேரம் என்கிற கட்டாயமும் கிடையாது. பயிற்றுநர் கையெழுத்துப் போட்டால் தேர்வாளர் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார், கூடப் பறந்து பார்ப்பார், அவ்வளவுதான். ஏழெட்டு நாளில் முடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு ஏரோகிராம் போட்டேன். "பெரிய விமானம்" என்றும் எழுதியிருந்தேன். நான்கு பேர் உட்காருகிற பெரிய விமானம்! ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கில்ல என்று அம்மா பதில் எழுதக் கேட்டிருந்தாள். "கவலையே படாதே" என்று அளந்துவிட்டேன். அந்த வயசுக் கித்தாப்பை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. மூன்று லீவர் இருந்த இடத்தில் ஆறு இருந்ததே எனக்குப் பெரிய பதவி உயர்வாகத் தெரிந்தது.

பயிற்றுநர் வயசானவர். அப்பாச்சி காலத்து ஆள். பைப்பர் கம்பெனிக்காரர்கள் தங்கள் விமானங்களுக்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயராகவே வைத்துக்கொண்டு போனார்கள்: அப்பாச்சி, கமான்ச்சி, நவாஹோ, செனெகா, செமினோல். அப்பாச்சி அவர்களுடைய முதல் இரட்டை என்ஜின் விமானம். அதில் சக்கரங்களை மடக்குகிற ஹைட்ராலிக் பம்பு இடது என்ஜினில் மட்டும்தான் உண்டு. இடது நின்றுவிட்டால் சக்கரத்தையும் கையால் பம்பு அடித்துத்தான் தூக்க வேண்டும். அதில் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர் எதற்கும் பதறாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை.

ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு சண்டித்தனம் செய்து நின்றுவிட்டால், மற்றது இழுக்கிற இழுப்பில் வண்டி நின்ற மாட்டின் பக்கமாகவே திரும்பும் இல்லையா? விமானத்தின் மூக்கும் அப்படித்தான் நின்றுபோன என்ஜின் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கத்து ரட்டர் பெடலை மிதித்துத்தான் நேராக்க வேண்டும். வலது என்ஜின் நின்றால் இடது கால் மிதிக்கும், வலது கால் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கால் எதுவோ அந்தப் பக்கத்து என்ஜின்தான் செத்தது. மானிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று போனால் ஏமாந்துபோவோம். காற்று சுற்றிவிடுவதால் செத்த என்ஜினின் சுழற்சிமானிகூட வேலை செய்வதுபோலவே காட்டும். கால் பொய் சொல்லாது. அது யோசிக்காமல், உடனே மிதித்தாக வேண்டும். அதற்கு எந்த நிதானமும் வேண்டாம்.

நிதானம் கைக்கு. முதலில் இரண்டு பக்கத்து மிக்ஸ்சர், ப்ரொப்பெல்லர், த்ராட்டில் லீவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து முன்னுக்குத் தள்ள வேண்டும். ஃபிளாப், சக்கரம் மேலே. இந்த வரிசையை யார் வகுத்தார்களோ, மனுஷ சுபாவம் தெரிந்தவர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கிற அந்த முதல் சில வினாடிகளில் இடதா வலதா என்று தேர்ந்தெடுக்கிற வேலையையே கொடுக்கவில்லை பாருங்கள். அதற்குப் பிறகுதான் எது செத்தது என்று காலைக் கேட்க வேண்டும். கேட்டதும் நம்பிவிடவும் கூடாது. செத்ததாக நினைக்கிற பக்கத்து த்ராட்டிலை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். சத்தமும் மாறவில்லை, மூக்கும் அசையவில்லை என்றால் அதுதான். அசைந்தால் பக்கம் தவறு. திரும்பத் தள்ளிவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அதையும் முடித்த பின்தான் ஃபெதர். ப்ரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி, சும்மா சுற்றி இழுவை கொடுக்காமல் நிறுத்திவைப்பது. செமினோலில் இதற்கும் ஒரு கெடு உண்டு. சுழற்சி நிமிஷத்துக்கு 950-க்குக் கீழே போய்விட்டால் உள்ளே பூட்டு விழுந்துவிடும், பிறகு ஃபெதர் ஆகாது. ஆகவே கை தூங்கவும் கூடாது.

கிழவர் ஒரு வரைபடத்தை விரித்து லீவர்களை மூடிக்கொண்டு, எதையோ அணைப்பார். நான் மிதிப்பேன். கை பறக்கும். "கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயா?" என்பார். பழைய காலத்து விமானங்களில் முன்பலகையில் சாவி கொடுக்கிற கடிகாரம் இருந்ததாம். ஆபத்து வந்தால் முதலில் அதற்குச் சாவி கொடு என்று சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். சாவி கொடுக்கிற அந்த மூன்று வினாடியில் கை வேறு எந்த விபரீதமும் செய்யாது அல்லவா! அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அந்த ஏழெட்டு நாள் கணக்கு எங்கேயோ போய்விட்டது.

இன்னொரு பாடம் எனக்கு மனசு ஒப்பவே ஒப்பாதது. வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், செமினோலில் 56 நாட். அதற்குக் கீழே ஒற்றை என்ஜின் முழு வேகத்தில் இழுத்தால் பெடலை அடிவரை மிதித்தாலும் மூக்கை நேராக்க முடியாது. நல்ல உயரத்துக்குப் போய், ஒன்றைத் தணித்து, மற்றதை முழுக்கக் கொடுத்து, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அந்த எல்லையைக் காட்டுவார்கள். கால் நடுங்க ஆரம்பிக்கும். மூக்கு நழுவும். அப்போது செய்ய வேண்டியது என்ன தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கிற நல்ல என்ஜினைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நாம் நம்புகிற ஒன்றைக் கையாலேயே குறைக்க வேண்டும். தரைக்குப் பக்கத்தில் அப்படி ஆனால் மரத்தில் போய் விழுந்தாலும் இறக்கை மட்டமாக விழுவது மேல், கவிழ்ந்து விழுந்தால் பிழைப்பது அரிது. ஏறும்போது பிடிக்க வேண்டியது நீலக் கோடு, 88 நாட். ஒற்றை என்ஜினில் கிடைக்கிற கொஞ்சநஞ்ச ஏற்றமும் அங்கேதான் இருக்கிறது.

நான் பயிற்சி முடித்துச் சில வருஷங்கள் கழித்து, 1989 ஜனவரி 8-ஆம் தேதி, இங்கிலாந்தில் கெக்வொர்த் விபத்து நடந்தது. போயிங் 737. இடது என்ஜினில் விசிறி இதழ் ஒன்று முறிந்து அதிர்வும் புகையும் வந்தன. விமானிகள் வலது என்ஜினை நிறுத்தினார்கள். ஆகாத வேளை, அதே சமயத்தில் அதிர்வும் புகையும் குறைந்தன. சரியாகச் செய்துவிட்டோம் என்று நம்பிவிட்டார்கள். இடப்பக்கம் தீ தெரிந்ததைப் பின்னால் இருந்தவர்கள் சிலர் பார்த்தார்கள். கேப்டன் ஒலிபெருக்கியில் வலது என்று சொன்னதையும் கேட்டார்கள். யாரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. இறங்கப்போகிற நேரத்தில் இடதும் கைவிட்டது. 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ட்ரான்ஸ் ஏஷியாவின் ஏடிஆர் விமானத்தில் வலது ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் இழுத்தது இடது லீவரை. தவறான பக்கத்தை இழுத்துவிட்டதை அவரே உணர்ந்து சொன்னது குரல்பதிவில் இருக்கிறது. 43 உயிர். இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கை எப்படிப் பறக்கும் என்று வரைபடத்துக்கு அடியில் பார்த்தவன் நான்.

பிற்பாடு நானும் இந்தியாவில் பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். செனெகாவில் என்னிடம் பழக வந்த பையன்களில் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டியிருந்தார் அவன் அப்பா. ராத்திரிதோறும் போன் வரும். "இன்னும் எத்தனை நாள்டா?" மறுநாள் அந்தக் கேள்வியும் அவனோடு சேர்ந்து விமானத்தில் ஏறிவிடும். ஒருநாள் வலது என்ஜினைத் தணித்தேன். கால் சரியாக மிதித்தது, இடது கால். வாய் "லெஃப்ட் சார்" என்றது. சோதித்துப் பார்க்காமல் கை நேராக இடது ஃபெதர் லீவருக்குப் போயிற்று. அதற்குப் பின்னால் என் கை ஏற்கெனவே இருந்தது; பயிற்றுநர்கள் அங்கே கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "சாரி சார், சாரி சார்" என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். "உன் கால் சரியாச் சொல்லுச்சுப்பா, அதை நீ கேட்கலை" என்றேன். டீ வாங்கிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனைப் பறக்க விடவில்லை. மெஸ் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் லீவரைத் தொட்டுத் தொட்டு வாயால் சொல்ல வேண்டும். தேர்ந்த விமானிகளும் செய்கிற பயிற்சிதான், காசில்லாதது. சமையல்காரர் பார்த்துவிட்டு, தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சு என்று என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார். அந்த வாரம் அவன் அப்பாவிடம் நானே போனில் பேசினேன். நாள் கேட்காதீங்கய்யா, சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க என்றேன். அவர் வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அப்புறம் கேட்கவில்லை.

இன்று அவன் ஏர்பஸ் கேப்டன். வருஷப் பரீட்சையில், என்ஜின் நின்றதும் ஏன் இவ்வளவு ஸ்லோ என்று சிமுலேட்டரில் ஒருவர் கேட்டாராம். "எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க சார்" என்றானாம். பாஸ். உண்மையில் இப்போது விமானக் கம்பெனிகளின் நடைமுறையே பெரும்பாலும் அதுதான். குறைந்தது 400 அடி ஏறும்வரை நேராகப் பறப்பதைத் தவிர எதையும் தொடுவதில்லை. தொடும்போதும் ஒருவர் லீவரில் கை வைத்து, மற்றவர் பார்த்து "கன்ஃபர்ம்" சொன்ன பிறகே இழுப்பார். புதுப் பிள்ளைகள் பழகுகிற டைமண்ட் டிஏ42-இல் ஆறு லீவர் இல்லை, பக்கத்துக்கு ஒன்றுதான். சுவிட்சை அணைத்தால் ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகிவிடும். வசதிதான். ஆனால் சுவிட்சும் இரண்டு இருக்கிறது, எதை அணைப்பது என்று மனுஷன்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ இந்தப் பயிற்சிக்குப் போயிருந்தால், செலவு ஏறிக்கொண்டே போகிற கவலை உங்களுக்கு இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் ராத்திரி போன் போடும்போது எப்போ முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வாரம் கூடுதலாக ஆனால் ஆகட்டும், அவர்களாகச் சொல்லட்டும்.