முந்திக் கூப்பிடும் குரல்



வான்வழியே வரும் பகைவரை முன்னறியும்படி, இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் 1930-ஆம் ஆண்டளவில் 200 அடி நீளமுள்ள வளைந்த கான்கிரீட் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. தொலைவில் வரும் விமானத்தின் இரைச்சலை அது திரட்டித் தந்தது. காவலர் செவிசாய்த்துக் காத்திருந்தனர். ஏறத்தாழ 20 மைல் வரை கேட்டது. ஆனால் மணிக்கு 240 மைல் வேகத்தில் வரும் விமானம் அத்தொலைவை 5 நிமிடத்தில் கடந்துவிடும். ஓசை கேட்டபின் ஆயத்தமாக நேரம் போதவில்லை.

ராடார் ஓசைக்காகக் காத்திருப்பதில்லை. அது தானே வானொலி அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைக் கொண்டு, வருவது எங்கே என்று அறிகிறது.

நமக்குத் தெற்கே இலங்கையில் இவ்விரு நிலைகளும் நான்கே நாளில் வெளிப்பட்டன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்தின நாளே பர்ச்சல் என்ற கனடிய விமானி அக்கப்பற்படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். ஆயினும் தாக்குதல் வேளையில் ராடார் எச்சரிப்பு கிடைக்கவில்லை. ரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நின்றன. ஏப்ரல் 9-இல் திருகோணமலையில் ராடார் முன்னறிவித்தது; விமானங்கள் முன்னதாகவே எழும்பின. துறைமுகம் சேதத்துக்குத் தப்பவில்லை. ஆனால் காவல் அயர்ந்திருக்கவில்லை.

பிரியமானவர்களே, நம் காவல் எத்தகையது? கடனில் அமிழ்ந்த சகோதரன் கூக்குரலிடுவதில்லை. அடிபடும் சகோதரி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். இரண்டு வாரம் ஆராதனைக்கு வராதவரை, வரும்போது விசாரிக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். நம் காட்டேரிக்குப்பம் போன்ற சிற்றூரிலும், அழுகை தெருவுக்குக் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஏதேனில் ஆதாம் ஒளிந்துகொண்டான். அவனிடமிருந்து ஓசை எழவில்லை. தேவனே முந்தி அவனைக் கூப்பிட்டார் (ஆதியாகமம் 3:9). அவன் இருக்குமிடம் தெரியாமல் அல்ல. அவன் மறுமொழி சொல்ல வழி திறக்கும்படியே கூப்பிட்டார்.

இவ்வாரம் மௌனமாகிப்போன ஒருவருடைய வாசலுக்கு நாமே போவோம். சுகமா என்று கேட்டுவிட்டு உடனே திரும்பாமல், உண்மையான பதில் வருமட்டும் பொறுமையோடு அமர்ந்திருப்போம்.

ஜெபம்: எங்களை முந்தித் தேடி வந்த கர்த்தாவே, எங்கள் அயலாரை நாங்களும் முந்தித் தேட அருள்புரியும். ஆமென்.